அருஞ்சொல்லும் வெளிப்படு சொல்லும்: திருவிதாங்கூர்த் தமிழ்ச் சூழலில் ஷேக்ஸ்பியர் நாடக வாசிப்பு

திருவனந்தபுரத்திலிருந்து பேரூர்க்கடை, நெடுமங்காடு ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றங்கரையை விட்டு மேலேறும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலையின் பெயர் தமிழருக்கு எவ்வித விளக்கமும் இன்றிப் புரியக்கூடியது. ஆயின் அவ்வழியே செல்லும் தமிழர் ஒருவர், கல்லாற்றில் 'வெள்ளம்' குறைந்துவிட்டது என மலையாளத்தில் ஒருவர் கூறக் கேட்பாராயின், பெருக்கு வடிந்தது என்று ஆறுதல் கொள்வார். கூறியவரோ ஆற்றில் நீர் வற்றியதை எண்ணி வருந்தியவராக இருத்தல் கூடும். மலையாளத்தில் வெள்ளம் என்பது நீர். அவ்வாறே 'சம்சாரம்' என்பது பேச்சு. 'பட்டி' என்பது நாய். இவற்றுள் எதுவும் தமிழர் அறியாத சொல் அன்று. அறிந்த சொல்லாக இருப்பதே இங்குப் பிழைக்குக் காரணமாகின்றது.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த ஆங்கில நாடகங்களைக் கற்கும் தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் பெரும்பகுதி இத்தன்மையதே. அந்நாடகங்களில் அருஞ்சொற்கள் மிகுதி என்பதே பொதுவான கருத்து. அருஞ்சொற்கள் உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அருஞ்சொல் தன்னை அருஞ்சொல் என அறிவித்துவிடுகிறது. படிப்பவர் நின்று, அகராதியைப் புரட்டுகிறார். எளிய சொல்லின் உருவில் நின்று பொருளை மாற்றிக்கொண்ட சொல்லே அவரைத் தடுக்காமல் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. திருவிதாங்கூரில் ஆங்கில நாடகக் கல்வியும் தமிழ் நாடக ஆக்கமும் ஒன்றையொன்று தொட்ட வரலாற்றை இவ்வேறுபாட்டின் அடிப்படையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளிப்படு சொல்

சொற்பொருள் காணும் முறை குறித்துத் தொல்காப்பிய உரியியல் கூறுவன இங்கு நினைக்கத்தக்கன. வழக்கில் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொல்லை எடுத்துக் கூற வேண்டுவதில்லை என்றும் அவர் வரையறுக்கிறார். பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே சென்றால் அதற்கு எல்லை இராது என்ற எச்சரிக்கையும் அவ்வியலில் உண்டு. நிகண்டுகளும் அரும்பத உரைகளும் இந்நெறியிலேயே வளர்ந்தன.

இங்கிலாந்திலும் முதல் முயற்சி இதே நெறியில் அமைந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாகக் கருதப்படும் நூலை ராபர்ட் காட்ரி 1604ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்ட அச்சிறுநூல், இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து வந்து வழங்கிய கடினச் சொற்களுக்கு மட்டுமே பொருள் தந்தது. நாள்தோறும் வழங்கும் சொற்களை அவர் சேர்க்கவில்லை. வெளிப்படு சொல்லை விளக்க வேண்டா என்ற தொல்காப்பியர் கொள்கையை அறியாமலே காட்ரி பின்பற்றினார் எனலாம்.

இரு நெறிகளிலும் ஒரு பொதுவான இடைவெளி உண்டு. ஒரு காலத்தில் வெளிப்படையாக இருந்த சொல் பிற்காலத்தில் மறைபொருள் உடையதாகிவிடுகிறது. ஆனால் அதன் உருவம் மாறாமையால் அது மறைந்துவிட்டதை எவரும் உணர்வதில்லை. தமிழில் 'நாற்றம்' என்பது நறுமணத்தையும், 'கோயில்' என்பது அரண்மனையையும், 'மாடு' என்பது செல்வத்தையும் குறித்த காலம் உண்டு. பழைய உரையாசிரியர் காலத்தில் விளக்கம் வேண்டாதிருந்த இச்சொற்களே இன்றைய மாணவர்க்குப் பொருள் மயக்கத்தைத் தருகின்றன.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இத்தகையன மிகப் பல. 'லெட்' என்னும் சொல் இன்று விடுதல், இசைதல் என்னும் பொருளில் வழங்குவது. ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைத் தொடர்ந்து செல்ல முற்பட்டுத் தன்னைப் பிடித்து நிறுத்துவோரை அச்சுறுத்தும் இடத்தில் அதன் பொருள் தடுத்தல் என்பதாகும். இன்றைய பொருளுக்கு நேர்மாறு. அதே நாடகத்தின் முதற்காட்சியில் காவலன் ஒருவன் தன்னுடன் காவல் புரிவோரை 'ரைவல்' என்னும் சொல்லால் குறிக்கிறான். இன்று போட்டியாளர் எனப் பொருள்படும் அச்சொல் அங்கே உடன் பணியாற்றுவோர் என்றே பொருள்படும். இன்றைய பொருளைக் கொண்டால் நாடகத்தின் தொடக்கத்திலேயே இல்லாத பகையொன்றைக் கற்பித்துக்கொள்ள நேரும். 'பிரசென்ட்லி' என்பது சிறிது நேரத்தில் என்று அன்று, உடனே என்பது. 'ஃபாண்ட்' என்பது அன்புடைய என்று அன்று. பெரும்பாலும் அறிவற்ற என்பது. ஜூலியட் மாடத்தில் நின்று வினவும் புகழ்பெற்ற இடத்தில் வரும் 'வேர்ஃபோர்' எங்கே எனப் பொருள்படாது; ஏன் எனப் பொருள்படும். அவள் காதலனைத் தேடவில்லை. பகைவர் குடியின் பெயரை அவன் ஏன் தாங்க வேண்டும் என்றே வருந்துகிறாள். பொருளைத் தவறாகக் கொள்வோர்க்கு அடுத்து வரும் பெயர் பற்றிய பேச்சு முழுவதும் தொடர்பற்றதாகத் தோன்றும்.

டேவிட் கிரிஸ்டலும் பென் கிரிஸ்டலும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் சொற்களஞ்சியம் இத்தகைய சொற்களைப் 'பொய் நண்பர்' என்னும் தலைப்பில் தனித்துக் காட்டுகிறது. தமிழில் இவற்றுக்கெனத் தனிப்பெயர் இல்லை. வெளிப்படு சொல்லாக இருந்து மறைந்த சொல் எனக் கூறுதல் பொருந்தும்.

அவையோர் அறிந்ததும் அறியாததும்

ஷேக்ஸ்பியர் காலத்து அவையோர்க்கு அந்நாடகங்களின் சொற்கள் அனைத்தும் எளிதில் விளங்கின என்று கருதுதல் பிழை. 1599இல் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்த்தவர்களுள் எழுத்தறியாதோர் பலர். அதே காலத்தில் இலத்தீன் சொற்களை வரம்பின்றி ஆங்கிலத்தில் புகுத்துவது குறித்துக் கற்றோரிடையே கடும் பூசல் நிகழ்ந்தது. தமிழில் மணிப்பிரவாள நடை பற்றியும் தனித்தமிழ் பற்றியும் நிகழ்ந்த பூசல்களை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

பென் ஜான்சன் 1601இல் எழுதிய 'பொயட்டாஸ்டர்' நாடகத்தில் ஒரு சுவையான காட்சி உண்டு. கடினச் சொற்களை அடுக்கி எழுதும் புலவன் ஒருவனுக்கு மருந்து கொடுத்து, அவன் விழுங்கிய சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கக்கச் செய்கின்றனர். அவன் கக்கிய சொற்களுள் சில அன்றோடு மறைந்தன. ஆனால் 'ரெசிப்ரோக்கல்', 'ஸ்ட்ரெனுவஸ்', 'டிஃபங்க்ட்', 'கிளம்சி' போன்றவை இன்று ஆங்கிலத்தில் எவரும் வியப்பின்றி வழங்கும் சொற்கள். ஜான்சன் நகைத்த அருஞ்சொல் பிற்காலத்தில் எளிய சொல்லாயிற்று. அவர் எளிது என்று எண்ணி எழுதிய பல சொற்களுக்கு இன்று குறிப்பு வேண்டியுள்ளது. எச்சொல் நிலைக்கும் எச்சொல் மறையும் என்பதைப் பெரும்புலவரும் முன்னறிதல் அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அவையோர் அருஞ்சொல்லை எவ்வாறு உணர்ந்தனர்? நடிகரின் குரலும் மெய்ப்பாடும் உதவின. அதற்கு மேலும், நாடகாசிரியரே உரையாசிரியர் பணியையும் செய்தார். மாக்பெத் தன் குருதி படிந்த கைகளைப் பார்த்துப் பேசும் இடத்தில் இலத்தீன் வழிவந்த நீண்ட சொற்கள் இரண்டு வருகின்றன. ஒன்று கடலின் பரப்பையும் மற்றொன்று அது செந்நிறமாவதையும் குறிப்பது. அடுத்த அடியிலேயே பச்சை, சிவப்பு என்னும் எளிய நிறச்சொற்களால் அதே பொருள் மீண்டும் கூறப்படுகிறது. கற்றவர் முதலடியின் ஓசையை நுகர்ந்தனர். கல்லாதவர் இரண்டாமடியில் பொருளைப் பெற்றனர். பயிலாததைப் பயின்றதோடு சார்த்தும் முறை பாட்டிற்குள்ளேயே அமைந்துவிட்டது.

அருஞ்சொல்லைத் தவறாக வழங்கும் மாந்தரைப் படைத்து நகைச்சுவை விளைப்பதும் அக்கால வழக்கம். ஊர்க்காவலன் டாக்பெர்ரி பெருஞ்சொற்களை இடம் மாற்றிப் பேசுகிறான். அவையோர் நகைக்க வேண்டுமாயின் சரியான சொல்லை அவர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். கற்றோர் மட்டுமன்றிக் கடைநிலை அவையோரும் புதுச்சொற்களை ஆர்வத்துடன் பொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் இதனால் உணரலாம்.

தமிழ் மாணவர்க்குள்ள வாய்ப்பு

தமிழ் வழி வருவோர்க்கு ஷேக்ஸ்பியர் காலச் சொற்கள் முற்றிலும் அயலானவை என்ற எண்ணம் ஓரளவே உண்மை. சில இடங்களில் இன்றைய ஆங்கில மாணவரைக் காட்டிலும் தமிழ் மாணவர்க்கே வாய்ப்பு மிகுதி.

'ஹியூமர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இன்று அது நகைச்சுவை. ஜான்சனின் 1598ஆம் ஆண்டு நாடகத்தின் பெயரில் இடம்பெறும்போது அதன் பொருள் வேறு. உடலில் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்கள் உள்ளன என்பதும், அவற்றின் ஏற்றத்தாழ்வே மனிதரின் இயல்பை வகுக்கிறது என்பதும் அக்கால மருத்துவக் கொள்கை. துயர மனநிலையைக் குறிக்கும் 'மெலங்கலி' என்னும் சொல்லே கரும்பித்தம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பிய மருத்துவம் இக்கொள்கையைக் கைவிட்டபின் அம்மொழி மாணவர்க்கு இது பாடக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. வாதம், பித்தம், கபம் என்னும் சொற்களை வீட்டிலேயே கேட்டு வளரும் தமிழரோ, பித்தம் தலைக்கேறியவன் பித்தன் என்பதை எவரும் கற்பிக்காமலே அறிவார். எண்ணிக்கை மூன்று, நான்கு என வேறுபடினும் எண்ணப்போக்கு ஒன்றே. ஹாம்லெட்டின் பித்தை உளவியல் நூல்களின் துணையால் மட்டும் விளக்க முற்படும் பாடக்குறிப்புகள் இவ்வாய்ப்பைக் கைந்நழுவ விடுகின்றன.

முன்னிலைப் பெயர்களும் அவ்வாறே. 'தவ்' என்பதும் 'யூ' என்பதும் அக்கால ஆங்கிலத்தில் வேறுபட்டு வழங்கின. இன்றைய பொது ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. லியர் மன்னன் இளைய மகளைத் துறக்கும் காட்சியில், கென்ட் பிரபு தன் அரசனை ஒருமையில் விளித்துவிடுகிறான். அவை அதிர்ந்திருக்க வேண்டிய இடம் இது. நீ, நீர், நீங்கள் என்னும் படிநிலைகளைப் பேச்சில் நாள்தோறும் பேணும் தமிழ் மாணவர்க்கு அவ்வதிர்ச்சியை விளக்க ஒரு சொல் போதும்.

உறவுச்சொற்கள் மட்டும் இதற்கு மாறான இடரைத் தருகின்றன. 'கசின்' என்னும் ஒரே சொல் அந்நாடகங்களில் தமையன் மகனையும், அத்தை மகளையும், தொலை உறவினரையும் குறிக்கும். ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் உடைய தமிழில் மொழிபெயர்ப்பவர், மூலத்தில் இல்லாத தெளிவைத் தாமே சேர்க்க நேரிடும். கிளாடியஸ் ஹாம்லெட்டை அச்சொல்லால் அழைத்து, உடனே மகன் என்றும் சேர்த்துக் கூறும் இடத்தில் உறவின் நெருடல் முழுவதும் அச்சொல்லின் தெளிவின்மையில்தான் தங்கியுள்ளது.

இன்னொன்றையும் போகிற போக்கில் குறிப்பிடலாம். 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் விழாவிற்குச் சரக்கு வாங்கச் செல்லும் இளைஞன் ஒருவன் தன் பட்டியலை வாய்விட்டுச் சொல்கிறான். சாதிக்காய், அரிசி, சர்க்கரை முதலியவற்றோடு இஞ்சியும் அதில் உண்டு. இஞ்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிச் செல்வோர் இலத்தீன், கிரேக்கம், பாலி எனப் பின்னோக்கி நடந்து தென்னாட்டு 'இஞ்சி'யில் வந்து நிற்கின்றனர். அருஞ்சொல்லை அயலிடத்தில் தேடுவோர் சில வேளைகளில் தம் வீட்டுக் கொல்லைக்கே திரும்பி வருகின்றனர்.

மகாராஜா கல்லூரியும் மனோன்மணீயமும்

1834இல் பள்ளியாகத் தொடங்கி 1866இல் கல்லூரியாக உயர்ந்த திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஜான் ராஸ், ராபர்ட் ஹார்வி போன்றோர் அங்கு ஆசிரியர்களாக விளங்கினர். ராஸிடம் பயின்றவர் சி. வி. இராமன் பிள்ளை, ஹார்வியிடம் பயின்று, பின்னர் அங்கேயே தத்துவப் பேராசிரியராக அமர்ந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. முன்னவரின் 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள வரலாற்றுப் புதினமும் பின்னவரின் 'மனோன்மணீயம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நாடகமும் 1891ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ஒரே நகரில் ஒரே கல்லூரிக் கல்வியின் விளைவாக, ஒரே ஆண்டில் இரு மொழிகளில் இரு முதன்மை நூல்கள் தோன்றியது தற்செயலன்று. சுந்தரம் பிள்ளை தம் ஆசிரியரின் நினைவாகப் பேரூர்க்கடையில் இருந்த தம் இல்லத்திற்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டார். பொன்முடி செல்லும் சாலை அப்பேரூர்க்கடை வழியாகவே செல்கிறது.

மனோன்மணீயத்தின் கதைக்கு மூலம் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட செய்யுட் கதைத்தொகுதியில் உள்ள 'இரகசிய வழி'. ஆயினும் நாடகத்தின் கட்டமைப்பு ஷேக்ஸ்பியர் மரபினது: ஐந்து அங்கங்கள், அவற்றுள் களங்கள், அகவல் நடையில் உரையாடல். எதுகை வேண்டாத ஆங்கில நாடகச் செய்யுளுக்கு ஈடாக ஆசிரியப்பாவைத் தேர்ந்தமை ஆழ்ந்த செவிப்புலன் உடையோரின் தேர்வு. 'களம்' என்னும் பழஞ்சொல்லுக்கு நாடகப் பிரிவு என்னும் புதுப்பொருளை அவர் தந்தார். ஆயின் மேடையில் நிலைத்தது 'காட்சி' என்னும் சொல்லே.

அந்நூல் நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கு உரியது என்பது திறனாய்வாளர் பலரும் கூறிய கருத்து. அதன் செய்யுள் நடையையும் இலக்கியச் சொல்லாட்சியையும் காரணமாகக் கூறுவர். டென்னிசன், பிரவுனிங் காலத்தில் இங்கிலாந்திலும் படிப்பதற்கான நாடகம் மதிப்புப் பெற்றிருந்தது என்பது உண்மை. அஃதொன்றே காரணம் எனக் கொள்வது போதாது. மகாராஜா கல்லூரி போன்ற இடங்களில் ஷேக்ஸ்பியர் எவ்வாறு கற்பிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அலெக்ஸாண்டர் ஷ்மிட்டின் ஷேக்ஸ்பியர் சொல்லகராதி 1874-75இல் வெளிவந்திருந்தது. 1880களின் இறுதியிலிருந்து, இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றிய டெய்ட்டன் குறிப்புரை எழுதிய பதிப்புகளை மாக்மில்லன் நிறுவனம் வெளியிடலாயிற்று. அரங்கின் ஒலியும் ஒளியும் இன்றி, அடிக்கு அடி குறிப்புடன், தேர்வுக்கென மெல்லப் படிக்கப்படும் நூலாகவே இந்திய மாணவர் ஷேக்ஸ்பியரைச் சந்தித்தனர்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை பழகிய முறைதான். மூலமும் உரையுமாகக் காப்பியம் பயின்ற மரபு அது. எனவே மேடைக்கென எழுந்த ஷேக்ஸ்பியர் நாடகம், திருவனந்தபுரத்து வகுப்பறையில் உரைநூலோடு கூடிய காப்பியத்தின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. காலத்தால் நேர்ந்த அருமையை மாணவர் நூலின் இயல்பான பெருமையாகக் கண்டனர். ஷேக்ஸ்பியருக்கு நிகராகத் தமிழில் ஒரு நாடகம் வேண்டும் என விழைந்த சுந்தரம் பிள்ளை, தாம் கண்ட அந்த ஷேக்ஸ்பியருக்கு நிகராகவே அதனை இயற்றினார் எனக் கருத இடமுண்டு. குளோப் அரங்கில் நின்றவர் கேட்ட ஷேக்ஸ்பியர் அன்று. மேசைமேல் விரித்த, அடிக்குறிப்புடைய ஷேக்ஸ்பியர். 1600ஆம் ஆண்டளவில் பேச்சாக இருந்தது 1891இல் பழமையாகத் தோன்றியது. மனோன்மணீயம் பிறக்கும்போதே அப்பழமையை அணிந்துகொண்டு பிறந்தது.

இதனை ஆசிரியரின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. பழமொழிகளையும் குறட்கருத்துகளையும் உரையாடலில் மிகுதியாகப் பெய்து, செறிந்த அகவலுக்கிடையே கேட்போர் மூச்சுவிட அவர் இடமளித்துள்ளார். அருஞ்சொல்லை அடுத்து எளிய சொல்லை வைத்த ஷேக்ஸ்பியரின் உத்தியோடு இதனை ஒப்பிடலாம். எனினும் மேடையை நோக்கிய வழி வேறொரு நகரில் திறந்தது. அதே 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' எனவும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' எனவும் அவர் தமிழாக்கினார். மூலத்தின் அருஞ்சொல் அவரிடம் பெரும்பாலும் பேச்சுரைநடையில் கரைந்துவிடுகிறது. அவையோர்க்குப் புரிந்தது, ஆனால் மூலத்தின் சொற்செறிவு இழக்கப்பட்டது. இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்பது எளிதில் தீர்க்கத்தக்கதன்று. மேடையேறிய நாடகமே நாடகம் எனும் கொள்கையுடையோர் சம்பந்த முதலியாரையே தேர்வர். சொல்லின் நுட்பத்தைப் பேணும் கடமையை எவரேனும் ஏற்க வேண்டும் என்பதையும் மறுத்தற்கில்லை.

மூன்றாவது ஒரு வழியை விபுலாநந்த அடிகள் கண்டார். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவரது 'மதங்க சூளாமணி', ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனப் பெயரிட்டு, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கண மரபோடு வைத்து ஆராய்ந்தது. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் சிதறிக் கிடந்த நாடகக் கலைச்சொற்கள் அந்நூலில் மீண்டும் வழக்குப் பெற்றன. அடிகள் ஆங்கில அருஞ்சொல்லைத் தமிழ் அருஞ்சொல்லால் சந்தித்தார். இதனால் வாசகர்க்கு ஒரே வேளையில் இருவகை அருஞ்சொற்களையும் கற்க வேண்டிய சுமை நேர்ந்தது. மறைந்துபோன தமிழ் நாடகச் சொற்கள் பல உயிர்பெற்றன என்பதும் உண்மை.

திசைச்சொல்லின் துணை

அருஞ்சொற்பொருள் காண்பதற்கு நூல்கள் மட்டுமே துணை என எண்ணியோர்க்கு வட்டார வழக்கு பாடம் கற்பித்துள்ளது. மாக்பெத் நாடகத்தில் பாங்கோவின் ஆவியைக் குறித்து வரும் 'போல்டர்ட்' என்னும் சொல் கற்றோரை நெடுங்காலம் மயக்கியது. ஷேக்ஸ்பியர் பிறந்த வார்விக்‌ஷையர் பகுதியில், பிசுபிசுப்பான பொருள் படிந்து மயிர் திரிதிரியாக ஒட்டிக்கொள்வதைக் குறிக்க அச்சொல் வழங்கியதைக் கொண்டே பொருள் தெளிந்தது. குருதியால் ஒட்டிய தலைமயிர் என்பது கருத்து. அகராதியில் இல்லாதது உழவர் வாயில் இருந்தது.

தமிழ் உரையாசிரியர் இவ்வழியை முன்னரே அறிந்திருந்தனர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் எனத் தொல்காப்பியம் வகுத்தது; உரையாசிரியர் அந்நிலங்களுள் வேணாட்டையும் குட்டநாட்டையும் எண்ணினர். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர் எனவும், பூழிநாட்டார் நாயை 'ஞமலி' என்பர் எனவும் உரைகளில் எடுத்துக்காட்டுத் தரப்பட்டுள்ளது. தள்ளை இன்றும் மலையாளத்தில் 'தள்ள' என வழங்குகிறது. பழந்தமிழில் கூறுதலைக் குறித்த 'பறைதல்' இன்று தமிழகப் பொதுவழக்கில் இல்லை, மலையாளத்தில் அஃது அன்றாடச் சொல், யாழ்ப்பாணத்திலும் வழங்குவது. எண்ணுதல், ஆராய்தல் என்னும் பொருளில் சங்கப் பாடல்களில் வரும் 'ஓர்தல்' மலையாளத்தில் 'ஓர்க்குக' என நினைவுகூர்தலைக் குறித்து நிற்கிறது. வெள்ளம், பட்டி ஆகிய சொற்களால் பொன்முடிச் சாலையில் தடுமாறும் அதே தமிழர்க்கு, அச்சாலையில் கேட்கும் வேறு சில சொற்கள் புறநானூற்றின் கதவைத் திறக்கவும் கூடும்.

ஆனால் திசைச்சொல்லின் துணையும் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கது. ஓர்தலும் ஓர்க்குகவும் ஒன்றல்ல. ஆராய்ந்து அறிவதற்கும் முன்பு அறிந்ததை நினைவுகூர்வதற்கும் இடையே வேறுபாடு உண்டு. வேர் ஒன்றாயினும் பொருள் நகர்ந்துவிட்டது. துணைக்கு வந்த சொல்லே பொய் நண்பராகி நிற்கும் இடம் இது.

சில இடங்களில் சொல்லே அங்கு இல்லை. அச்சுப்பிழையே சொல்லாக நிற்கிறது. ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபின் இறுதிப்பொழுதைக் கூறும் பகுதியில் 1623ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பு மேசையைக் குறிக்கும் சொல்லைத் தருகிறது. அங்கு மேசைக்கு வேலையில்லை. பிதற்றினான் எனப் பொருள்படும் சொல்லாக அதனைத் திபால்ட் தம் 1733ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தினார். பெரும்பாலோர் அதனை ஏற்றுக்கொண்டனர். ஏடுகளில் எழுத்து மயங்கிய இடங்களோடு உ. வே. சாமிநாதையர் நடத்திய போராட்டத்தை அறிந்த தமிழ் மாணவர்க்குத் திபால்டின் உழைப்பு எளிதில் விளங்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்முன் ஐயர் கும்பகோணத்துச் சமணரை நாடிச் சென்றதும், 1898இல் மணிமேகலையைப் பதிப்பிக்கும்முன் பௌத்தச் செய்திகளுக்காக மளூர் ரங்காசாரியரின் உதவியைப் பெற்றதும், சொல்லின் பொருள் சொல்லிலேயே அடங்கியிருப்பதில்லை என்பதை அவர் உணர்ந்தமையால்தான்.

சொல்லடைவு

சுந்தரம் பிள்ளை 1897இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தவர் அந்நாளில் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞர் தொழில் புரிந்த எஸ். வையாபுரிப் பிள்ளை. 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய அவரே, 1951இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். தமிழின் பெரும் அகராதிக்கு உழைத்தவரின் முதற்பயிற்சி, ஷேக்ஸ்பியரின் வழியில் எழுந்த ஒரு நாடகத்தின் சொற்களோடு நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

அவருக்குப் பின் அத்துறையில் வ. அய். சுப்பிரமணியம் மேற்கொண்ட முயற்சி வேறு திசையில் சென்றது. 1962இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது புறநானூற்றுச் சொல்லடைவு, அருஞ்சொல் எளியசொல் என்னும் பாகுபாடின்றி ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களைத் தொகுத்தது. ஷேக்ஸ்பியருக்கு மேரி கௌடன் கிளார்க் 1845இலும் ஜான் பார்ட்லெட் 1894இலும் செய்த அடைவுகளோடு ஒத்த நோக்கம் உடையது எனினும், இலக்கணக் கூறுகளையும் பகுத்துக் காட்டியமையால் அது மொழியியற் கருவியாகவும் ஆயிற்று. வெளிப்படு சொல்லை விட்டுவிடும் பழைய வழக்கிற்கு இது நேர்மாறானது. சொல்லடைவு எச்சொல்லையும் தெரிந்த சொல் எனக் கொள்வதில்லை.

மனோன்மணீயத்திற்கே இத்தகைய நோக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு சொல்லால் காட்டலாம். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் தமிழ்நாடு அரசால் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. அதில் தமிழைக் குறித்து வரும் 'அணங்கு' என்னும் சொல்லைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். தெய்வப்பெண் என்று பொருள் கூறுவர். சங்கப் பாடல்களில் அணங்கு என்பது வருத்துதல், வருத்தம், அச்சம் தரும் ஆற்றல், அவ்வாற்றல் உறையும் மலையோ மரமோ நீர்த்துறையோ எனப் பலவாறு விரியும். பெண்ணையோ தெய்வத்தையோ மட்டும் சுட்டுவது அன்று. இச்சொல்லின் ஆட்சிகளை ஆராய்ந்த வி. எஸ். ராஜம் 1986இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில், பெண்ணிடம் உறையும் புனித ஆற்றல் என அதனைச் சுருக்கிக் கொண்ட பிற்கால ஆய்வாளரின் போக்கை மறுத்தார்.

சுந்தரம் பிள்ளை எப்பொருளை எண்ணி அச்சொல்லைப் பெய்தார்? வாழ்த்துப் பகுதியாதலின் தெய்வமகள் என்னும் பொருளே முதலில் நிற்கும். ஆயின் பழைய நூல்களில் தோய்ந்த, சம்பந்தர் காலத்தை ஆராய்ந்து 1895இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட வரலாற்றறிஞர் அவர். அச்சொல்லின் பழைய வலிமை, நோய் செய்து தன்பால் ஈர்க்கும் அதன் அச்சந்தரும் பக்கம், அவர் செவியில் ஒலிக்கவில்லை எனத் துணிந்து கூற இயலாது. உரைநூல்கள் பலவற்றில் இச்சொல்லுக்கு நேராகத் 'தெய்வம்' அல்லது 'பெண்' என ஒற்றைச்சொல் மட்டுமே தரப்படுகிறது.